ஜேக்கப் ரீஸின் நியூயார்க் படங்கள்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை சாயங்காலங்களில், போட்டோ பழகும் பிள்ளைகளுக்குப் பழைய படங்களைத் திரையில் போட்டுக் காட்டுவது என் வழக்கம். மற்ற படங்களைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள், 1880-களின் கடைசியில் நியூயார்க்கின் ஸ்லம் பகுதிகளில் எடுத்த இந்த இருட்டறைப் படங்கள் வந்ததும் கை தூக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லிச் சலித்துப்போனதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

1. யார் சார் இந்த ரீஸ்? போட்டோகிராஃபரா, ரிப்போர்ட்டரா?

ரிப்போர்ட்டர். போட்டோ பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்ட வேலை. சுமார் பத்து வருடம் எடுத்தார், அப்புறம் விட்டுவிட்டார். "போட்டோகிராஃபராக நான் ஒன்றுக்கும் ஆகாதவன்" என்ற பொருளில் தன் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். இதை அடக்கம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவருடைய நெகட்டிவ்களில் பாதி கோணலாக இருக்கும்.

ஜேக்கப் ரீஸ் 1849-ல் டென்மார்க்கின் ரிபே என்ற சின்ன ஊரில் பிறந்தவர். அப்பா பள்ளிக்கூட வாத்தியார், வீட்டில் பிள்ளைகள் ஏராளம். தச்சு வேலை கற்றுக்கொண்டு, காதலித்த பெண் கையை விரித்துவிட்ட மனக்கசப்போடு 1870-ல் கப்பலேறினார். கையில் நண்பர்கள் சேர்த்துக் கொடுத்த 40 டாலர். அமெரிக்கா என்றால் காட்டெருமையும் கொள்ளைக்காரர்களும் என்று நினைத்து, இறங்கியதும் அதில் பாதியைப் போட்டு ஒரு ரிவால்வர் வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தாராம். ஒரு போலீஸ்காரர் தட்டிக் கூப்பிட்டு, இதெல்லாம் இங்கே வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்.

தச்சு, இரும்பாலை, இஸ்திரிப் பெட்டி விற்பது என்று சில வருடம் அலைந்தார். பட்டினி கிடந்தார், தெருவில் படுத்தார். 1877-ல் நியூயார்க் ட்ரிப்யூன் பத்திரிகையில் போலீஸ் செய்தியாளர் ஆனார். அலுவலகம் மல்பெரி தெருவில், போலீஸ் தலைமையகத்துக்கு எதிரே. கொலை, தீ விபத்து, தற்கொலை என்று ஓடி ஓடி எழுதினால் எல்லாச் செய்தியும் அதே நாலு தெருவுக்கே கொண்டுபோய் விட்டது.

2. ஸ்லம் என்கிறீர்கள், படத்தில் எல்லாம் மாடி வீடாக இருக்கிறதே?

நல்ல கேள்வி. நமக்கு ஸ்லம் என்றால் ஓலையும் தகரமும் ஞாபகம் வரும். அங்கே அது செங்கல் கட்டடம், ஐந்தாறு மாடி. அதற்கு டெனமென்ட் என்று பெயர். நம்ம ஒண்டுக் குடித்தனத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். மனை 25 அடிக்கு 100 அடி, அதாவது நம் கணக்கில் ஒரு கிரவுண்டுக்குக் கொஞ்சம் மேல். அதில் ஒரு மாடிக்கு நாலு குடும்பம். தெருப் பக்கமும் பின்பக்கமும் உள்ள அறைகளுக்குத்தான் ஜன்னல். நடுவில் இருப்பவை இருட்டறைகள்.

1879-ல் ஒரு சட்டம் வந்தது. படுக்கை அறை ஒவ்வொன்றுக்கும் ஜன்னல் வேண்டும் என்றார்கள். கட்டியவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? இரண்டு கட்டடங்களுக்கு நடுவே சுமார் 28 அங்குலத்தில் ஒரு குழியை விட்டு, அதைப் பார்த்து ஜன்னல் வைத்தார்கள். மேலிருந்து பார்த்தால் கட்டடம் டம்பெல் போல நடுவில் ஒடுங்கித் தெரியும். கட்டடக் கலைப் போட்டி ஒன்றில் பரிசு வாங்கிய வரைபடம் அது! காற்று வரவேண்டிய குழியில் குப்பை விழுந்தது, பக்கத்து வீட்டுச் சண்டையும் நாற்றமும் ஏறி வந்தன. தீப்பிடித்தால் அதுவே புகைபோக்கியாகி மாடிக்கு மாடி நெருப்பைக் கொண்டுபோனது.

3. அங்கே இருந்தவர்கள் யார்? எங்கிருந்து வந்தார்கள்?

முதலில் அயர்லாந்துக்காரர்களும் ஜெர்மானியர்களும். ரீஸ் எழுதும் காலத்தில் மல்பெரி தெரு வளைவில் இத்தாலியர்கள், லட்லோ தெருப் பக்கம் ரஷ்யாவிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் வந்த யூதர்கள், சுருட்டுச் சுற்றும் பொஹீமியர்கள் (இன்றைய செக் நாட்டுப் பக்கத்துக்காரர்கள்), மாட் தெருவில் சீனர்கள். முந்தி வந்தவன் கொஞ்சம் தலையெடுத்து வெளியேறுவான், அவன் விட்ட அறையில் அடுத்த கப்பல்காரன் குடியேறுவான். சுமார் 37,000 டெனமென்ட்கள், அவற்றில் 12 லட்சத்துக்கு மேல் மக்கள் என்று ரீஸ் தன் புத்தகத்தில் கணக்குச் சொல்கிறார். நகரத்தின் முக்கால்வாசிப் பேர்.

4. எல்லாரும் உழைத்தார்கள்தானே? பிறகு ஏன் அந்த இருட்டில் கிடந்தார்கள்?

உழைத்தது போதாது என்பதால் இல்லை. வாடகையும் கூலியும் பல இடங்களில் ஒரே கைக்குள் இருந்தன. ரீஸ் காட்டும் பொஹீமியக் குடும்பங்களைப் பாருங்கள். சுருட்டுத் தொழிற்சாலை முதலாளிதான் வீட்டுக்காரரும். குடியேறும்போதே ஐந்து டாலர் 'சாவிப் பணம்' வாங்கிக்கொள்வார். புகையிலையை வாரக் கணக்கில் அவரே அளந்து கொடுப்பார், புருஷன் பெண்டாட்டி பிள்ளைகள் எல்லாரும் வீட்டிலேயே உட்கார்ந்து சுற்றிக் கொடுக்க வேண்டும். கூலியைப் பற்றி முணுமுணுத்தால் வேலையும் போகும், கூரையும் போகும்.

தையல் வேலையும் இப்படித்தான். கம்பெனிக்கும் தையல்காரனுக்கும் நடுவே ஒரு இடைத்தரகர். அவர் கூலியைப் பிழிந்தால்தான் அவருக்கு லாபம். லட்லோ தெரு வீடு ஒன்றில் எடுத்த படத்துக்கு ரீஸ் வைத்த தலைப்பே 'அரைக்கால் சட்டை, டஜன் 45 சென்ட்' என்பதுதான். தரையில் துணிக் குவியல், அதற்கு நடுவில் ஆட்கள். வாடகை கட்ட முடியாத குடும்பம், இருக்கிற அறையிலேயே இன்னும் நாலு பேரை வாடகைக்குப் படுக்க வைக்கும். அப்படி ஒரு அறையின் படத்துக்கு எட்டாம் கேள்வியில் வருகிறேன்.

5. ராத்திரி எப்படி எடுத்தார்? அப்போது ஃபிளாஷ் இருந்ததா?

புத்தம் புதிதாக வந்திருந்தது. 1887-ல் ஒரு நாள் காலைச் சாப்பாட்டு மேஜையில் பேப்பரைப் புரட்டும்போது, ஜெர்மனியிலிருந்து வந்த நாலு வரிச் செய்தி ரீஸ் கண்ணில் பட்டது. எவ்வளவு இருட்டான மூலையையும் படம் பிடிக்க ஒரு பவுடர் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று. மெக்னீசியத்தோடு பொட்டாசியம் குளோரேட்டும் ஆன்டிமனி சல்ஃபைடும் கலந்தது. பட்டாசு மருந்துக்கு நெருங்கிய சொந்தம். மியெத்தே, கேடிக்கே என்ற இருவர் கண்டுபிடித்தது. இரண்டு வாரத்துக்குள் ரீஸ் ஒரு கூட்டத்தைச் சேர்த்துவிட்டார்: சுகாதாரத் துறையில் வேலை பார்த்த டாக்டர் நேகிள், பொழுதுபோக்காகப் படமெடுக்கும் பிஃபர்ட், லாரன்ஸ், கூடவே ஒரு போலீஸ்காரர்.

முதலில் பவுடரைத் தோட்டாவில் அடைத்துத் துப்பாக்கியால் சுட்டார்கள். நடுராத்திரியில் முன்பின் தெரியாத ஆறு பேர் வீட்டுக்குள் புகுந்து துப்பாக்கி வெடித்தால் என்ன ஆகும்? ஜன்னல் வழியாகவும் தீயணைப்பு ஏணி வழியாகவும் ஜனங்கள் ஓடினார்கள் என்று ரீஸே ஒத்துக்கொள்கிறார். பிறகு துப்பாக்கியை விட்டுவிட்டு, சமையலுக்கு வறுக்கும் தட்டையான சட்டியில் பவுடரைக் கொட்டிக் கொளுத்த ஆரம்பித்தார். அது வீட்டுப் பொருள் மாதிரி இருந்தது என்பது அவர் சொன்ன காரணம். இருட்டில் லென்ஸ் மூடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பவுடரைப் பற்றவைப்பது, வெளிச்சம் அடங்கியதும் மூடுவது. அறை முழுக்கப் புகை. இன்னொரு படம் எடுக்கலாம் என்று நினைத்தாலும் முடியாது.

6. வீட்டையே கொளுத்திவிட்டார் என்கிறார்களே, நிஜமா?

இரண்டு முறை வீட்டுக்கும் ஒரு முறை தனக்கும் தீ வைத்துக்கொண்டதாக அவரே சொல்கிறார். தனக்கே தீ வைத்துக்கொண்ட அந்த முறை, கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது.

வீட்டில் தீப்பிடித்தவற்றில் ஒன்று எனக்கு மறக்காது. செர்ரி தெருவை ஒட்டி, கண்பார்வை இல்லாதவர்கள் குடியிருந்த சந்து. மாடிக்கு மேலே கூரையை ஒட்டிய அறை. உள்ளே ஆணும் பெண்ணுமாகப் பார்வையில்லாத ஐந்து பேர். ரீஸ் பவுடரைக் கொளுத்தினார். கண் கூச்சம் தெளிந்து பார்த்தால் சுவரில் தொங்கிய காகிதமும் கந்தலும் எரிகின்றன. அது அவர் ஒருவருக்குத்தான் தெரிகிறது. கத்தினால் கலவரமாகும், இறங்குவதற்கு ஆட்டங்காணும் படிகள். தன் கோட்டை வைத்தும் கையை வைத்தும் எப்படியோ அமுக்கி அணைத்துவிட்டுத் தெருவுக்கு ஓடிவந்து, ஒரு போலீஸ்காரரிடம் பதற்றத்தோடு சொல்லியிருக்கிறார். அவர் சிரித்துவிட்டாராம். "அந்த வீடா? போன குளிர்காலத்தில் ஆறு தடவை தீப்பிடித்தது, எரியவில்லை. சுவரில் அழுக்கு அவ்வளவு கனம், நெருப்பு மூச்சுத் திணறி அணைந்துவிடும்."

7. எல்லாப் படமும் அவரே எடுத்ததா?

இல்லை. ஆரம்ப காலப் படங்களில் பல, கூட வந்த நண்பர்கள் எடுத்தவை. எல்லாப் புத்தகத்திலும் போடுவார்களே, 'கொள்ளையர் கூடாரம்' என்ற மல்பெரி தெருச் சந்துப் படம், அதுகூட லாரன்ஸும் பிஃபர்டும் எடுத்தது என்பதே ஆய்வாளர்கள் பெரும்பாலோர் கருத்து. அது பகலில் எடுத்தது, ஃபிளாஷே இல்லை. இரண்டு பக்கமும் தொப்பி போட்ட ஆட்கள், மேலே கொடியில் துணி, ஜன்னலில் பெண்கள் எட்டிப் பார்க்கிறார்கள். ரீஸ் கையால் எடுத்திருந்தால் இவ்வளவு நேராக வந்திருக்காது என்பது என் எண்ணம்.

நண்பர்களுக்கு நடுராத்திரி வேலை சலித்துப்போனது. அப்புறம் கூலிக்கு ஒரு போட்டோகிராஃபரை வைத்தார். அவர் ரீஸுக்குத் தெரியாமல் படங்களை விற்கப் பார்த்தார். கடைசியில் ரீஸே 25 டாலர் கொடுத்துக் கேமரா வாங்கிக்கொண்டு, அநாதைப் பிணங்களைப் புதைக்கும் ஹார்ட் தீவுக்குப் போய்ப் பழகினார். முதல் படம் கன்னங்கரேலென்று வந்தது. நீளமான குழியில் சவப்பெட்டிகளை அடுக்கியிருக்கும் காட்சிக்கு அந்தக் கறுப்பு இன்னும் பொருத்தமாகிவிட்டது என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

8. அந்த 'ஐந்து சென்ட்' படத்தைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்களேன்.

என்னிடம் ஒரே ஒரு படத்தைத்தான் காட்டலாம் என்று சொன்னால் இதைத்தான் காட்டுவேன். பேயார்ட் தெரு டெனமென்ட், 1889 வாக்கில். தலைப்பு, 'ஒரு இடத்துக்கு ஐந்து சென்ட்'. சட்டத்துக்கு மேல் ஆள் அடைத்திருக்கிறார்களா என்று சோதிக்க நடுராத்திரி ரோந்து போகும் சுகாதாரப் போலீஸோடு ரீஸும் போயிருக்கிறார். 13 அடிக்கு மேற்படாத ஒரு அறை. அதில் பன்னிரண்டு பேர், ஆணும் பெண்ணும். இரண்டு மூன்று பேர் பலகைத் தட்டில், மிச்சப் பேர் தரையில். இன்னும் வரப்போகிறவர்களுக்கு வழி தெரிவதற்காக ஒரு மண்ணெண்ணெய் விளக்கு மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. பக்கத்து அறையில் ஒரு குழந்தை சிணுங்கும் சத்தம்.

படத்தில் பாருங்கள்: தட்டுமுட்டுச் சாமான், பெட்டி, மூட்டை எல்லாம் மனிதர்களுக்கு நடுவிலேயே. ஒருவன் தூக்கக் கலக்கத்தில் தலையைத் தூக்கி, வெளிச்சம் வந்த பக்கம் பார்க்கிறான். முடி கலைந்திருக்கிறது. தான் எதைப் பார்க்கிறோம் என்று அவனுக்குத் தெரியவில்லை. மற்றவர்களில் சிலர் இன்னும் எழவே இல்லை.

மறுநாள் இதைச் சுகாதார வாரியத்துக்கு அறிக்கையாகக் கொடுத்தபோது யாரும் பெரிதாக அசையவில்லை. படம் கழுவும் இருட்டறையிலிருந்து ஈரம் சொட்டச் சொட்ட நெகட்டிவ்களைக் கொண்டுபோய் வைத்த பிறகுதான் அதிகாரிகள் வாயடைத்தார்கள். ரீஸ் எதற்காகக் கேமரா தூக்கினார் என்பதற்கு இதுதான் பதில். கோர்ட்டில் சாட்சி நிறுத்துவது மாதிரி, எழுதியதை நம்பாதவனுக்கு முன்னால் நிறுத்த ஒரு சாட்சி வேண்டியிருந்தது. அழகு வேண்டியிருக்கவில்லை.

9. படிக்கட்டு ஓரத்தில் தூங்கும் பையன்கள் படம் செட்டப் என்று ஒருவர் எழுதியிருந்தார். அப்படியா?

ஆமாம், அது நடிக்கச் சொல்லி எடுத்ததுதான். செருப்பில்லாத மூன்று பையன்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்கள், ஆனால் பட்டப்பகல். இன்னொரு படத்தில், போதையில் கிடப்பவனிடம் எப்படிப் பணம் அடிப்பது என்று பையன்களே செய்து காட்டுகிறார்கள். அதற்கு ரீஸ் சிகரெட் கொடுத்ததாகவும் தெரிகிறது. இன்று ஒரு பத்திரிகைக்காரர் இதைச் செய்தால் வேலை போய்விடும்.

ஆனால் அவசரப்பட்டு எல்லாவற்றையும் பொய் என்று தள்ளிவிட வேண்டாம். அந்தப் பையன்கள் நிஜமாகவே தெருவில் தூங்கினார்கள், படம் எடுத்த நேரத்தில் தூங்கவில்லை, அவ்வளவுதான். நடிக்க வைத்த படம் எது, திடீரென்று பிடித்த படம் எது என்று பிரித்துச் சொல்லாமல் விட்டாரே, அதுதான் ரீஸின் தப்பு. நான் காட்டும்போது பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

10. அவர்களிடம் அனுமதி கேட்டாரா?

பல சமயம் இல்லை. அஞ்சாவது பதிலில் சொன்ன ஜன்னல் ஓட்டத்தை நினைத்துப் பாருங்கள். கூட வந்தவர் போலீஸ், அதனால் கதவைத் திற என்றால் திறந்தாக வேண்டும். அந்த மனிதர்களின் பெயரைக்கூட அநேகமாக எழுதி வைக்கவில்லை.

பெயர் சொன்ன படம் அபூர்வம். மேற்கு 52-ஆம் தெருவில் ஏழைப் பிள்ளைகளுக்கான தொழிற்பள்ளி ஒன்றில் எடுத்தது. கேட்டி என்ற சிறுமி, நேராக நின்று கேமராவைப் பார்க்கிறாள். என்ன வேலை செய்கிறாய் என்று ரீஸ் கேட்டதற்கு, தரை தேய்ப்பேன் என்றாள். அம்மா இல்லாத வீட்டில் மற்ற பிள்ளைகளையும் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். பகல் வெளிச்சம், பேச்சு வார்த்தை நடந்த பிறகு எடுத்த படம். இருட்டறைப் படங்களுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் முகத்திலேயே தெரியும்.

11. அந்தக் காலப் பேப்பரில் போட்டோவே அச்சிட முடியாதே. ஜனங்கள் எங்கே பார்த்தார்கள்?

முதலில் திரையில். 1888 ஜனவரியில் நியூயார்க் அமெச்சூர் போட்டோகிராஃபர்கள் சங்கத்தில் கண்ணாடி ஸ்லைடுகளைப் போட்டுக் காட்டிப் பேசினார். அதற்கப்புறம் சர்ச் சர்ச்சாகப் போனார். பேச்சு, நகைச்சுவை, அழுகை எல்லாம் கலந்த நிகழ்ச்சி. பார்த்தவர்கள் நகரத்தின் வசதியான பகுதியினர். படத்தில் இருந்தவர்களுக்கு அந்தப் படங்களைப் போட்டுக் காட்டினாரா என்றால், இவர்களுக்காகச் செய்த நிகழ்ச்சி அல்ல அது.

பிப்ரவரியில் நியூயார்க் சன் பத்திரிகையில் வந்தது. ஆனால் போட்டோவைப் பார்த்து வரைந்த பன்னிரண்டு கோட்டுச் சித்திரங்களாக. 1889 டிசம்பரில் ஸ்க்ரிப்னர்ஸ் மாத இதழில் கட்டுரை, அடுத்த வருடம் 'மற்ற பாதி எப்படி வாழ்கிறது' என்ற புத்தகம். அதில்தான் சில படங்கள் புள்ளிகளாக உடைத்து அச்சிடும் ஹாஃப்டோன் முறையில் போட்டோவாகவே வந்தன. மிச்சமெல்லாம் வரைபடம்தான். அச்சுத் தரம் சுமார். (ஒரு தற்செயல்: ஹாஃப்டோன் முறையில் நியூயார்க் தினசரி ஒன்றில் வந்த ஆரம்பப் படமும் குடிசைப் பகுதியின் படம்தான். டெய்லி கிராஃபிக், 1880 மார்ச் 4.)

12. அப்படியென்றால் உலகத்திலேயே முதலில் இதைச் செய்தவர் இவர்தானா?

இல்லை. கிளாஸ்கோவின் பழைய சந்துகளை தாமஸ் அன்னன் 1868-லிருந்து எடுத்தார். லண்டன் தெரு மனிதர்களை ஜான் தாம்சன் 1877-ல் எடுத்தார். ஆனால் அன்னன் எடுத்தது பெரும்பாலும் வெளியே, கட்டடங்களை. வீட்டுக்குள்ளே, அதுவும் ராத்திரியில் புகுந்ததும், எடுத்ததைச் சட்டம் மாற்றுவதற்காகத் தூக்கிக்கொண்டு அலைந்ததும் ரீஸ்.

13. போலீஸ் ஸ்டேஷனில் ஒரு நாய்க்குட்டி கதை வருமே?

1870-ன் மழைக்கால ராத்திரி. ஊரில் வேலையில்லாதவர்கள் படுக்க அந்த நாளில் போலீஸ் நிலையங்களிலேயே இடம் கொடுப்பார்கள், வெறும் பலகை. ரீஸ் சர்ச் தெரு நிலையத்துக்குப் போனார். கூடவே ஒட்டிக்கொண்ட தெருநாய் ஒன்றை வாசலிலேயே விட வைத்தார்கள். விடியும் முன் கழுத்தில் தொங்கவிட்டிருந்த தங்க லாக்கெட்டைக் காணோம், உள்ளே காதலியின் முடி இருந்தது. புகார் சொன்னால், உனக்கேது தங்கம், திருடினாயா என்று சார்ஜென்ட் கேட்டார். எகிறிப் பேசிய ரீஸை வெளியே தள்ளினார்கள். வாசலில் காத்திருந்த நாய் அந்தப் போலீஸ்காரரைக் கடித்தது. அவர் அதைப் படிக்கட்டில் அடித்துக் கொன்றார்.

இருபத்தைந்து வருடம் அதை ரீஸ் மறக்கவில்லை. 1895-ல் தியடோர் ரூஸ்வெல்ட் நகரப் போலீஸ் வாரியத்தின் தலைவரானார். புத்தகம் வந்த சமயத்திலேயே ரீஸின் அலுவலகத்துக்கு வந்து, "படித்தேன், உதவ வந்திருக்கிறேன்" என்று சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனவர் அவர். இருவரும் நடுராத்திரியில் தெருத் தெருவாகச் சுற்றினார்கள். ஒரு ராத்திரி ரீஸ் அவரை அதே சர்ச் தெரு நிலையத்துக்குக் கூட்டிப்போய் அந்த இடத்தில் நிறுத்திக் கதையைச் சொன்னார். 1896 பிப்ரவரியில் போலீஸ் நிலையப் படுக்கை அறைகள் எல்லாம் மூடப்பட்டன. காதலித்த பெண்ணையும் 1876-லேயே கல்யாணம் செய்துகொண்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதையும் கேட்பீர்கள்.

14. படத்தால் ஏதாவது மாறியதா, இல்லை சும்மா பேச்சா?

மாறியது. ஆனால் படம் மட்டும் மாற்றவில்லை. மல்பெரி வளைவை இடித்துப் பூங்கா ஆக்கினார்களே, அதற்கு வழிசெய்த சிறு பூங்காச் சட்டம் 1887-லேயே வந்துவிட்டது. காகிதத்தில் கிடந்ததை விடாமல் நச்சரித்து நடக்க வைத்தது ரீஸ். 1897-ல் பூங்கா திறந்தபோது அழைப்புகூட அவருக்கு வரவில்லை. அதற்கு முன் ஒரு நாள் ஆசையாகப் புல்லில் கால் வைத்துப் பார்த்தபோது, போலீஸ்காரர் ஒருவர் தடியால் தட்டி வெளியே போகச் சொன்னாராம்.

குடிநீர் விஷயத்தில்தான் படம் நேராகவே வேலை செய்தது. நகரத்துக்குத் தண்ணீர் தரும் க்ரோட்டன் நீர்ப்பிடிப்புப் பகுதியில் ஊர்ச் சாக்கடை கலப்பதை 1891-ல் ஆற்றோரமாக நடந்து படமெடுத்துப் பத்திரிகையில் போட்டார். நகராட்சி அந்தக் கரையோர நிலங்களை வாங்க வேண்டியதாயிற்று.

1901-ன் டெனமென்ட் சட்டம் பெரியது. ஒவ்வொரு அறைக்கும் திறந்தவெளியைப் பார்த்த ஜன்னல், வீட்டுக்குள்ளேயே கழிப்பறை, இரண்டாம் பதிலில் சொன்ன அந்த 28 அங்குலக் குழிக்கு முற்றுப்புள்ளி. ஆனால் அதைப் புள்ளிவிவரமும் கட்டட மாதிரியும் வைத்துப் போராடிக் கொண்டுவந்தவர் லாரன்ஸ் வேலர். ரீஸ் ஊர் காதில் சங்கு ஊதினார், சட்டத்தின் வரிகளை எழுதியது வேறு ஆட்கள். எங்கள் வகுப்பில் வேலர் பெயரை யாரும் கேட்டதே இல்லை.

15. இடித்துப் பூங்கா ஆக்கினார்கள், சரி. அங்கே இருந்தவர்கள் எங்கே போனார்கள்?

இந்தக் கேள்வியை ஒரு பெண் கேட்டபோது எனக்கு உடனே பதில் வரவில்லை. இடித்த வீட்டுக்குப் பதில் வீடு யாரும் கட்டித் தரவில்லை. காற்றும் வெளிச்சமும் வந்தால் குற்றம் குறையும் என்பதில் ரீஸுக்கு இருந்த நம்பிக்கை, வெளியேற்றப்பட்டவன் அடுத்த மாதம் எங்கே வாடகை கொடுப்பான் என்ற கேள்வியில் அவருக்கு இருக்கவில்லை. அவருடைய எழுத்தில் எனக்குப் பிடிக்காத பகுதி இதுதான். அடுத்த பதிலில் வருவதையும் சேர்த்து.

16. அவர் இனவெறியர் என்றும் சொல்கிறார்களே?

புத்தகத்தைப் படித்தால் முகம் சுளிக்காமல் இருக்க முடியாது. இத்தாலியன் அழுக்கில் திருப்தியாக இருப்பான், யூதனுக்குப் பணம்தான் கடவுள் என்று இனத்துக்கு ஒரு முத்திரை குத்திக்கொண்டே போகிறார். சீனர்களை விரும்பத்தக்கவர்கள் அல்ல என்று நேராகவே எழுதுகிறார். தானும் கப்பலில் வந்து இறங்கிப் பட்டினி கிடந்தவர் என்பது அவர் கையைப் பிடித்து நிறுத்தவில்லை.

ஆனால் அதே சீனர் அத்தியாயத்தின் முடிவில், அவர்களைத் துரத்துவதைவிட மனைவியையும் அழைத்துவரக் கதவை இன்னும் அகலத் திறக்கலாம் என்கிறார். 1882-ன் சீனர் தடைச் சட்டம் அமலில் இருந்த காலம் அது. கறுப்பின மக்களிடம் அதே வீட்டுக்குக் கூடுதல் வாடகை பிடுங்கும் வீட்டுக்காரர்களை வெளுத்து வாங்குகிறார். நான் பிள்ளைகளுக்குச் சொல்வது: முதலில் படத்தைப் பாருங்கள், அப்புறம் தலைப்பைப் படியுங்கள். கொள்ளையர் கூடாரம் என்ற பெயரை மறைத்துவிட்டு அந்தச் சந்தைப் பார்த்தால், வேலை முடிந்து வாசலில் நிற்கும் ஆட்களாகத் தெரிகிறார்கள்.

17. லூயிஸ் ஹைனும் இவரும் ஒன்றா? இணையத்தில் படங்கள் மாறி மாறி வருகின்றனவே.

மாறித்தான் வருகின்றன. ஆலையில் நூல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் சிறுமி நிற்கிறாள் என்றால் அது ஹைன், ரீஸ் அல்ல. ஹைன் ஒரு தலைமுறை இளையவர், பள்ளி ஆசிரியர். 1904 முதல் எல்லிஸ் தீவில் வந்து இறங்கும் குடியேறிகளை எடுத்தார், 1908-லிருந்து குழந்தைத் தொழிலாளர் ஒழிப்புக் குழுவுக்காக நாடு முழுக்க அலைந்தார். ஆலைக்குள் விடமாட்டார்கள் என்பதால் பைபிள் விற்பவர் மாதிரியெல்லாம் வேஷம் போட்டார். தன் கோட்டுப் பொத்தான் எதுவரை வருகிறது என்று பார்த்துப் பிள்ளையின் உயரத்தைக் கணக்கிட்டு, பையில் கையை விட்டபடியே குறித்துக்கொள்வார். பெயர், வயது, எத்தனை மணி நேர வேலை எல்லாம் எழுதினார். பத்தாவது பதிலில் ரீஸிடம் இல்லை என்று சொன்னது இவரிடம் இருந்தது. கடைசியில் 1940-ல் வறுமையில் செத்தார்.

18. இவ்வளவு பழைய கண்ணாடி நெகட்டிவ்கள் எப்படித் தப்பின?

ரீஸ் 1914-ல் இறந்த பிறகு படங்களை யாரும் தேடவில்லை. எழுத்தாளராகத்தான் நினைவில் வைத்திருந்தார்கள். 1940-களில் அலெக்சாண்டர் ஆலண்ட் என்ற போட்டோகிராஃபர், அவரும் செவஸ்டோபோலிலிருந்து வந்த குடியேறிதான், அந்த மோசமான அச்சுப் படங்களைப் பார்த்துவிட்டு மூலம் எங்கே என்று ரீஸின் மகனை நச்சரித்தார். குவீன்ஸில் குடும்பம் இருந்த பழைய வீட்டின் பரணில் நானூறுக்கு மேல் நெகட்டிவ்கள் கிடைத்தன. எல்லாம் நியூயார்க் நகர அருங்காட்சியகத்துக்குப் போயின, 1947-ல் கண்காட்சி நடந்தது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நாம் இன்று பார்த்து மலைக்கும் அந்தக் கறுப்பும் வெளுப்பும், ஓரம் வெட்டிய நேர்த்தியும், ஆலண்ட் தன் இருட்டறையில் கவனமாகப் போட்ட பிரின்ட்கள். ரீஸின் காலத்து ஜனங்கள் இந்தத் தரத்தில் இவற்றைப் பார்த்ததே இல்லை.

19. ஏழைகளைப் படமெடுத்து அடுத்தவனுக்குக் காட்டுவதே வறுமையை விற்பதுதானே, சார்?

மல்பெரி வளைவில் ஏணிப் படியில் உட்கார்ந்து பைப் புகைத்துக்கொண்டிருந்த ஒரு நாடோடியிடம், அப்படியே உட்கார், பத்து சென்ட் தருகிறேன் என்றார் ரீஸ். சரி என்றவன், கேமராவைச் சரிசெய்யும் நேரத்தில் பைப்பை வாயிலிருந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். பேசியதில் பைப் சேராது, அதுவும் படத்தில் வரவேண்டுமென்றால் இருபத்தைந்து சென்ட் என்றான். ஒரு சென்டுக்கு இரண்டு கிடைக்கும் களிமண் பைப். ரீஸ் கொடுத்துத்தான் ஆகவேண்டியிருந்தது. உட்கார்ந்த பத்து விநாடியில் ஸ்ட்ரைக் செய்துவிட்டான் என்று கேலியாக எழுதுகிறார்.

படம் எதற்குப் பயன்படும், தன் பைப் அதில் என்ன செய்யும் என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. விற்பனை என்று வைத்துக்கொண்டால், அங்கே விலை சொன்ன ஒரே ஆள் அவன்தான். ஐந்து சென்ட் அறையில் தலை தூக்கியவனுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. உங்கள் கேள்விக்கு ஆமாம் இல்லை என்று ஒரே பதில் என்னிடம் கிடையாது. படத்துக்குப் படம் கேட்டுப் பார்க்கிறேன்.

20. இப்போது நியூயார்க் போனால் அந்த இடங்களைப் பார்க்கலாமா?

97, ஆர்ச்சர்ட் தெருவில் 1863-ல் கட்டிய டெனமென்ட் ஒன்றை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். வழிகாட்டியோடுதான் உள்ளே போக முடியும், அதனால் முன்கூட்டியே டிக்கெட் எடுத்துக்கொள்வது நல்லது. நடு அறையில் நிற்கும்போது இரண்டாம் பதில் புரிந்துவிடும்.

மல்பெரி வளைவு இப்போது கொலம்பஸ் பூங்கா, சைனாடவுனுக்குள் இருக்கிறது. விரும்பத்தக்கவர்கள் அல்ல என்று ரீஸ் எழுதினாரே, அந்தச் சீனர்களின் சமூகத்துப் பெரியவர்கள் சாயங்காலம் அங்கே கல் மேஜைகளில் சீனச் சதுரங்கம் ஆடுவார்கள், சுற்றிப் பத்துப் பேர் நின்று யோசனை சொல்வார்கள். படம் எடுப்பதற்கு முன் கேட்டுவிட்டு எடுங்கள். சிலர் தலையசைப்பார்கள், சிலர் கையைக் காட்டி வேண்டாம் என்பார்கள்.